பால் மரத்தில் ஒரு முக்காலி

எங்கள் அம்மாவின் வானொலிப் பெட்டி பல ஆண்டுகளாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் குடியிருந்தது. ஈப்போ புந்தோங்கில் அம்மா இருக்கும் வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி. அதன் மேல் வானொலி, மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா, ஒரு தண்ணீர் போத்தல். கோலாலம்பூரில் காலை ஆறு மணிக்கு நான் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து வணக்கம் சொன்னால், ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தள்ளி அந்த நாற்காலியில் இருந்துதான் அம்மாவுக்கு என் குரல் கேட்கும்.

போன ஆண்டு தீபாவளிக்கு ஒரு சிறிய பக்க மேசை வாங்கிக் கொடுத்தேன். பெட்டியில் துண்டு துண்டாக வரும், நாமே திருகாணி போட்டு முடுக்கிக்கொள்ள வேண்டுமே, அந்த வகை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று மாதம் தரையை ஈரத் துணியால் துடைத்ததில், அதன் கால்கள் தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி உப்பிவிட்டன. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, அவ்வளவுதான் அதன் ஆயுள். வானொலி மறுபடியும் சிவப்பு நாற்காலிக்கே திரும்பிப் போனது.

“விடும்மா. இந்த நாற்காலிக்கு என்னா குறை?” என்றார் அம்மா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “நானே என் கையால ஒரு மேசை செஞ்சு தர்றேன், பாருங்க” என்று சொல்லிவிட்டேன். நான் படித்தது ஊடகத் துறை. வேலை, வாயால் பேசுவது. அதுவரை ஓர் ஆணியைக்கூட நேராக அடித்ததில்லை.

என்ன மரத்தில் செய்வது என்று தேடியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஈப்போவில் தளவாடக் கடைகளில் நல்ல உறுதியான சாப்பாட்டு மேசை, கட்டில், குழந்தைத் தொட்டில் என்று எதைத் திருப்பிப் பார்த்தாலும் அடியில் ஒட்டிய சீட்டில் ஒரே பெயர்: காயு கெத்தா. ரப்பர் மரம். பேராக்கில் தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்தவள் நான். என் அம்மாவின் மேசைக்கு வேறு எந்த மரம் பொருத்தமாக இருக்கும் என்று உடனே முடிவு செய்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னபோது சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை, இருமல் வரும் அளவுக்குச் சிரித்தார்.

“பால் மரத்துல மேசையா? அது வெறகுடி. வெட்டிப் போட்ட ஒரு மாசத்துல உளுத்துக் கொட்டும். நான் முப்பது வருசம் அந்த மரத்தோட குடும்பம் நடத்துனவ, எனக்குத் தெரியாதா?”

அம்மா பதினான்கு வயதில் பால் வெட்டப் போனவர். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினால், ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் வரை வெட்டுவார். எனக்கு ஒன்பது வயதாகும்போது தோட்டம் செம்பனைக்கு மாறியது. லயத்தைக் காலி செய்து நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அதன் பிறகு அம்மா தோட்டத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பால் வெட்டும் கத்தியை மட்டும் ஒரு துணியில் சுற்றி, சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறார்.

அந்த அம்மாவின் பேச்சை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அப்பாவின் பழைய நண்பர் ஒருவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுபவர், சுங்கை சிப்புட் பக்கம் நாலைந்து ஏக்கர் வைத்திருக்கிறார். பால் வற்றிய மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்து கொண்டிருந்தார். ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டு வரைதான் லாபமாகப் பால் தரும். அதற்குப் பிறகு வெட்டிவிட்டு புதுக் கன்று நடுவார்கள். “எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோம்மா” என்றார். இரண்டு கட்டைகளைக் காரின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டு வந்தேன். புதிதாக வெட்டிய மரம் பாலாடை நிறத்தில், லேசான ரோஜாச் சாயலோடு அவ்வளவு அழகாக இருந்தது. வீட்டுப் பின்புறம் கூரைக்கடியில் சாத்தி வைத்தேன். காயட்டும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால், வெட்டிய முகம் முழுவதும் சாம்பலும் நீலமுமாகக் கறை ஓடியிருந்தது. நான்காவது வாரம் கட்டைக்குக் கீழே சிமெண்டுத் தரையில் மாவு சலித்தது போல மெல்லிய தூள். மரத்தில் குண்டூசி முனையளவில் ஓட்டைகள். முனைகள் இரண்டும் நட்சத்திரம் போலப் பிளந்திருந்தன.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்து வந்து அந்தத் தூளைக் கூட்டித் தள்ளினார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த வருத்தத்தோடுதான் மெங்லெம்புவில் ஒரு சிறிய மரப் பட்டறைக்குப் போனேன். நாற்காலிக் கால், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பம், மேசைக் கால் என்று கடைசல் வேலை மட்டும் செய்யும் இடம். தவுக்கேக்கு எழுபது வயதிருக்கும். என் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, மலாயில் ஒரே கேள்விதான் கேட்டார்: “மரத்தை வெட்டி எத்தனை நாளில் மருந்து ஏற்றினாய்?”

மருந்தா?

அப்போதுதான் விஷயம் புரிந்தது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வண்டுக்கும் பூஞ்சணத்துக்கும் அது விருந்துச் சாப்பாடு. தேக்கு, செங்கால் போன்ற மரங்களின் வைரத்தில் பூச்சி அண்டவிடாத பொருள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. ரப்பர் மரத்தில் அது கிடையாது. ஆனால் வெட்டிய ஓரிரு நாளுக்குள் அறுத்து, இரும்பு உருளைக்குள் அடுக்கி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு செலுத்தினால், அது மரத்தின் உள்ளே வரை இறங்கிவிடும். பிறகு சூளை அறையில் வைத்து, ஈரப்பதம் பத்து விழுக்காட்டை ஒட்டி வரும்வரை உலர்த்துவார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வண்டு தொடாது, கறை ஏறாது, உலர்ந்த வீட்டுக்குள் பல்லாண்டு நிற்கும். மழையில் மட்டும் வைக்கக் கூடாது.

அம்மா சொன்னதும் பொய் இல்லை. அவர் காலத்தில் அது விறகுதான். இந்த மரம் நம் மாநிலத்துக்கு வந்த கதையை நினைத்துப் பாருங்கள். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து எடுத்துச் சென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிறது. ஈப்போவில் இருந்து ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துப் பயணம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம். நம் பாட்டன்மார் கப்பல் ஏறி வந்ததற்கு அந்த மரம்தான் காரணம்.

அன்று தொடங்கி நூறு ஆண்டு, எல்லாருக்கும் அதன் பால்தான் வேண்டியிருந்தது. மரம் யாருக்கும் வேண்டாம். தோட்டத்துப் புகைக் கூண்டில் ரப்பர் தாளைக் காய வைக்க எரித்தார்கள். செங்கல் சூளையில் எரித்தார்கள். 1967இல் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகு ஆலை இரும்புத் தாதை உருக்கியதே ரப்பர் மரக்கரியால்தான். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தில் இந்த மரத்தை எப்படிப் பதப்படுத்துவது என்று ஆராய்ந்து வழி கண்ட பிறகு, 1980களில் நிலைமை தலைகீழானது. இன்று மலேசியாவில் இருந்து ஏற்றுமதியாகும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரம். ஜொகூரில் மூவார் நகரமே அதனால் பெயர் பெற்றிருக்கிறது.

ஆக, மரம் கெட்ட மரம் இல்லை. வெட்டிய முதல் இரண்டு நாளில் அதைக் கவனிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

தவுக்கேயிடம் பதப்படுத்தி உலர்த்திய பலகையும் கட்டையும் வாங்கினேன். எல்லாம் சேர்த்து நூறு வெள்ளிக்குள் முடிந்தது. “சனிக்கிழமை சனிக்கிழமை வா, சொல்லித் தருகிறேன். ஆனால் உன் துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு வா” என்றார்.

துப்பட்டா விஷயம் வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. கடைசல் இயந்திரம் சுற்றும்போது தொங்கும் எதையும் சுருட்டி இழுத்துக்கொள்ளும். தளர்ந்த சட்டைக் கை, கழுத்து அட்டை, வளையல், அவிழ்ந்த கூந்தல், எதுவும் ஆகாது. கையுறையும் போடக் கூடாது, அதுவும் மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம் கட்டாயம்.

கடைசல் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மலாயில் லாரிக் என்கிறார்கள். தமிழில் மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் ஒரே வினைச்சொல். ஏன் என்று யோசித்தேன். தயிர்ப் பானையில் மத்தை நிறுத்தி, அதில் கயிற்றைச் சுற்றி, இரண்டு நுனியையும் மாறி மாறி இழுப்பார்கள் அல்லவா? மின்சாரம் வருவதற்கு முன்னால் மரத்தையும் அப்படித்தான் சுற்றினார்கள். ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, இன்னொருவர் உளியைப் பிடிப்பார். நாம் கீரை கடையும் மத்தே கடைசலில் பிறந்ததுதான். திருநெல்வேலி அம்பாசமுத்திரத்து மரச்சொப்பும், கர்நாடகாவின் சென்னபட்டணத்து மரப் பொம்மையும் இதே வேலைதான். சொப்புச் சாமான் வைத்து விளையாடாத பெண் குழந்தை நம்மில் உண்டா?

என் மேசைக்கு நான் எடுத்துக்கொண்ட திட்டம் எளிமையானது. வட்டமான மேல்பலகை ஒன்று, கடைந்த கால்கள் மூன்று. நான்கு கால் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். தரை எப்படி இருந்தாலும் மூன்று கால் ஆடாது. புந்தோங் வீட்டுச் சிமெண்டுத் தரை மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. நம் முன்னோர் சும்மாவா முக்காலி என்று ஒரு சொல்லையே வைத்துக்கொண்டார்கள்!

மேல்பலகை 16 அங்குல விட்டம், ஓர் அங்குலக் கனம். நான்கு அங்குல அகலப் பலகை நாலைந்தைப் பக்கவாட்டில் பசை போட்டு ஒட்டி, இறுக்கிப் பிடித்து ஒரு நாள் வைத்து, பிறகு வட்டமாக அறுத்து, விளிம்பை இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் சீராக்க வேண்டும். அது பொறுமை வேலை, பயம் இல்லை.

பயம் எல்லாம் கால்களில்தான். இரண்டுக்கு இரண்டு அங்குலச் சதுரக் கட்டை, 20 அங்குல நீளம். இரண்டு முனையிலும் மூலைக்கு மூலை கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடம்தான் நடு. அந்த நடுவை இயந்திரத்தின் இரண்டு முனைக்கு இடையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் விசையைப் போட வேண்டும். சதுரமாக இருக்கும்வரை வேகம் குறைவு. குழி உளியால் நான்கு மூலையையும் சீவிச் சீவி உருண்டை ஆக்கினால், டக் டக் டக் என்று அடித்த சத்தம் மெல்ல மெல்ல உஸ் என்று மாறும். வானொலிக்காரி அல்லவா, எனக்கு முதலில் காதுதான் வேலை செய்தது. சத்தம் மாறியதும் மரம் உருண்டுவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

உருட்டிய பிறகு சாய்வு உளி. அதுதான் மரத்தை வழவழப்பாக்கும். அதுதான் என்னைப் பழிவாங்கியதும். முதல் சனிக்கிழமை ஒரு கால். ஏறக்குறைய முடிந்துவிட்டது. உளியின் மேல் முனை லேசாக மரத்தைத் தொட்டது. படார்! கட்டையின் நடுவில் திருகாணி போல ஒரு பள்ளம் சுற்றி ஓடியது. இரண்டாவது சனிக்கிழமை இன்னொரு கால். அதே இடம், அதே படார். தவுக்கே திட்டவில்லை. உடைந்த இரண்டையும் அடுப்புக்கு என்று ஓரமாக வைத்தார். விறகுதான் என்று அம்மா சொன்னது காதில் ஒலித்தது.

மூன்றாவது வாரம் அம்மாவுக்கு ஈப்போ பெரிய மருத்துவமனையில் வழக்கமான பரிசோதனை. முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் பட்டறைக்கு அழைத்துப் போனேன். வர மனமில்லாமல்தான் வந்தார். தவுக்கே ஒரு முக்காலியைத் தள்ளிப் போட, ஓரமாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மூன்றாவது முறையாக அந்த உளியை எடுத்தேன். பயத்தில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். சுருள் வரவில்லை, தூள்தான் பறந்தது.

“அழுத்தாதடி” என்றார் அம்மா.

திரும்பிப் பார்த்தேன்.

“ஏன் மரத்தோட மல்லுக்கு நிக்கிற? கத்தியோட முதுகு மரத்துல சாஞ்சிருக்கணும். அது சாஞ்சப்புறம் மெல்ல கைய தூக்கு. வாய் தானா புடிக்கும். கைய மட்டும் அசைக்காத, ஒடம்போட சேர்ந்து போ.”

தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அம்மாவின் கை காட்டிய சைகையைப் பார்த்தார். மூன்று வாரமாக அவர் எனக்கு மலாயில் சொல்லிக்கொண்டிருந்தது அதேதான். எழுந்து வந்து இயந்திரத்தை நிறுத்தினார். “மாக், நீங்கள் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?” என்று அம்மாவிடம் மலாயில் கேட்டார்.

“தோரே கெத்தா” என்றார் அம்மா. பால் வெட்டுதான்.

பால் வெட்டுவதில் இருக்கும் நுட்பம் பலருக்குத் தெரியாது. நானும் அன்றுதான் முழுவதும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, முப்பது பாகைச் சாய்வில் கோடு. ஒவ்வொரு முறையும் பழைய வெட்டை ஒட்டி ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் பட்டையைச் சீவ வேண்டும். குறைந்தால் பால் வராது. கூடினால் பட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆழம் இன்னும் கஷ்டம். பால் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில்தான் அதிகம். அதற்கும் மரத்துக்கும் இடையே மரத்தை வளரச் செய்யும் மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அந்தப் படலத்தைத் தொடாமல், ஆனால் அதன் பக்கத்தில் வரை போக வேண்டும். தொட்டுவிட்டால் மரத்தில் காயம். அந்த இடம் ஆறும்போது முண்டு விழும், அடுத்த முறை அங்கே பட்டை சீராக வராது. இவ்வளவையும் இருட்டில், தலை விளக்கு வெளிச்சத்தில், வெயில் ஏறிப் பால் குறைவதற்கு முன்னால், ஐந்நூறு மரத்துக்குச் செய்ய வேண்டும். அம்மா இதை முப்பது ஆண்டு செய்திருக்கிறார். சம்பளச் சீட்டில் அதற்குப் பெயர் கூலி வேலை.

தவுக்கே உளியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா சேலை முந்தானையை இழுத்துச் செருகிவிட்டு எழுந்தார். எனக்குப் பகீர் என்றது. ஆனால் தவுக்கே வேகத்தைக் குறைத்து வைத்தார், அம்மாவின் பின்னால் நெருக்கமாக நின்றுகொண்டார், முந்தானைக்கு மேல் தம் தோல் மேலங்கியை மாட்டி இறுகக் கட்டிவிட்டார். முதலில் உளியின் முதுகு மரத்தைத் தொட்டது. பிறகு அம்மாவின் கை மெல்ல உயர்ந்தது. மெல்லிய நீளச் சுருள் ஒன்று, வெள்ளை ரிப்பன் போல, உளியின் மேல் ஏறி அம்மாவின் மணிக்கட்டில் வந்து விழுந்தது. ஒரு கை நீளத்துக்கு வந்துவிட்டு நிறுத்திவிட்டார். “போதும். கை நடுங்குது. நீ செய்” என்றார்.

அதன் பிறகு மூன்று காலும் ஒழுங்காக முடிந்தன. மேல் முனை ஓர் அங்குல விட்டத்துக்கு உருண்டை, அதற்குக் கீழே ஒரு சிறிய மணி, நடுவில் லேசான தொப்பை, பாதத்தை நோக்கி மெல்ல ஒடுங்கும் வடிவம். மூன்றையும் சரிசமமாகக் கடைய முடியவில்லை. தவுக்கே ஒரு வழி சொன்னார். முதல் காலின் முக்கியமான இடங்களை ஓர் அட்டைக் குச்சியில் குறித்துக்கொண்டு, அதே குறியை மற்ற இரண்டிலும் வைப்பது. வளைவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் குறிகள் ஒத்துப்போனால் கண் ஏமாந்துவிடும். உண்மைதான். கடைசியில் 120, 240, 400 என்று உப்புத்தாள். அதற்கும் பிறகு, கீழே விழுந்து கிடக்கும் சுருளையே ஒரு பிடி அள்ளிச் சுற்றும் மரத்தில் அழுத்தினால் வரும் மினுமினுப்பு இருக்கிறதே, எந்தத் தாளும் தராது.

ஒரு காலைக் கடையும்போது நடுவில் கருப்பாக ஒரு தழும்பு வந்தது. மரத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். அம்மா கட்டை விரலால் தடவிப் பார்த்தார். “காயம்” என்றார். “யாரோ ஒருத்தி அவசரத்துல வெட்டியிருக்கா. புள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ. மண்டோர்கிட்ட திட்டு வாங்கியிருப்பா.”

தவுக்கே வேறு கட்டை தருகிறேன் என்றார். அம்மா வேண்டாம் என்றார். அந்தக் கால் அப்படியே இருக்கிறது.

பொருத்துவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும். பலகையின் அடியில் ஐந்து அங்குல ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். கவராயத்தை அதே அளவில் வைத்து வட்டத்தின் மேலேயே அளந்துகொண்டு போனால் ஆறு புள்ளி கிடைக்கும். ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் மூன்று காலுக்கு இடம் கிடைத்துவிடும். பள்ளியில் படித்த கணக்குதான், எனக்கு இருபது ஆண்டு கழித்துப் பயன்பட்டது. கால்கள் வெளிப்பக்கமாகப் பத்துப் பாகை சாய்ந்து நின்றால் மேசை கவிழாது. அதே சாய்வில் அறுத்த ஒரு கட்டையைத் துணைக்கு வைத்துக்கொண்டு துளை போட வேண்டும். காலின் மேல் முனை துளை வழியாகப் பலகையின் மேல்பக்கம் வரை வர வேண்டும். அந்த முனையில் முன்பே ஒரு பிளவு அறுத்து வைத்து, பசை போட்டு இறக்கி, பிளவில் ஒரு சின்ன ஆப்பை அடித்தால் முனை விரிந்து பிடித்துக்கொள்ளும். ஒரே ஓர் எச்சரிக்கை: ஆப்பு, பலகையின் மர ரேகைக்குக் குறுக்காக நிற்க வேண்டும். ரேகையோடு சேர்த்து அடித்தால் பலகை பிளந்துவிடும். ஓர் ஆணி இல்லை, ஒரு திருகாணி இல்லை.

மேலே ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு வெளியில் உலர விடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

ஏழு சனிக்கிழமை ஆயிற்று. இந்த நேரத்துக்கு இரண்டு மேசை வாங்கியிருக்கலாமே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் என் அம்மா தோட்டத்தைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளில் பேசாததையெல்லாம் இந்த ஏழு சனிக்கிழமைகளில் பேசினார். மெங்லெம்புவுக்குப் போகும்போதும் வரும்போதும் காரில் உட்கார்ந்துகொண்டு, எந்த நிரை யாருடையது, எந்த மரத்தில் பால் அதிகம், மழை நாளில் வேலை இல்லாமல் லயத்தில் என்ன சமைத்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே வந்தார். மற்றவர்களின் கதையை ஒலிவாங்கி வைத்துக் கேட்பதுதான் என் தொழில். வீட்டில் இருந்தவரிடம் நான் கேட்டதே இல்லை.

உங்கள் வீட்டிலும் பால் வெட்டியவர் ஒருவர் இருப்பார். தாத்தாவோ, பாட்டியோ, பெரியம்மாவோ. கத்தியை எப்படிப் பிடிப்பது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்வதற்கு முன்னால் கை எழுந்துவிடும்.

மேசை இப்போது புந்தோங்கில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் மேல் வானொலி, மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா, தண்ணீர் போத்தல். சிவப்பு நாற்காலி வாசலுக்குப் போய்விட்டது. தழும்பு உள்ள காலை அம்மா தம் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார்.

ஆனாலும் அம்மாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. மேசைக்கு அடியில் எப்போதும் ஒரு நாளிதழை விரித்து வைத்திருக்கிறார், தூள் கொட்டுகிறதா என்று பார்க்க. காலையில் நிகழ்ச்சி முடிந்து நான் தொலைபேசியில் அழைத்தால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் அந்தத் தகவல்தான் வருகிறது.

“இன்னிக்கும் கொட்டல.”

ஏழு மாதம் ஆகிவிட்டது. இந்த வாரம் அந்த இதழைப் படித்து முடித்ததும் இந்தப் பக்கத்தைத்தான் அங்கே விரிப்பார் என்று நினைக்கிறேன்.